பொய்லர் நின்ற கிழமை

தை 5, திங்கள்

குளிர். யன்னல் கண்ணாடியின் உள்பக்கமும் பனி. நகத்தால் சுரண்டி றோட்டைப் பார்த்தேன். ஸ்ட்ரெதம் முழுக்க அரிசிமா கொட்டின மாதிரி.

வேலைக்குப் போக எழும்பிப் பைப்பைத் திறந்தால் சூடில்லாத பச்சைத் தண்ணீர். அறைக்குச் சூடு தருகிற றேடியேற்றரைத் தொட்டேன், பிணம். கீழே ஓடினேன். குசினி அலுமாரிக்குள், வீட்டுக்கும் தண்ணீருக்கும் சூடு தருகிற பொய்லர் கொளுக் கொளுக் என்று வாய் கொப்பளிக்கிறது. பிறகு டிக் டிக் டிக். பிறகு ஒன்றுமில்லை. சின்னத் திரையில் ஏதோ எழுத்தும் இலக்கமும் மின்னி மின்னி நிற்கிறது.

இவர் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றார்.

"பாத்தியோ? கிழவி இருந்திருந்தால் இப்பிடி நடக்குமோ?"

கிழவி என்றது எங்கள் பழைய பொய்லரை. வீடு வாங்கும்போதே குசினி மூலையில் நின்றது. ஆளுயரம் இல்லை, ஆனால் ஆள் கனம். முழுக்க இரும்பு. உள்ளே எந்த நேரமும் ஒரு குட்டிச் சுடர். முப்பது வருசத்துக்கு மேலே எரிந்தவள், ஒரு நாள் சுகமில்லை என்று படுத்ததில்லை. போன ஐப்பசியில் பார்க்க வந்த காஸ்காரன் புகை அளக்கிற மீற்றரைப் பிடித்தான், முகம் மாறினான், காஸைப் பூட்டினான், சிவப்புத் துண்டு ஒன்றை ஒட்டினான். புகை வெளியே போகாமல் வீட்டுக்குள் வருகிறதாம். மணம் இல்லாத புகையாம். நித்திரையிலேயே ஆளை முடித்துவிடுமாம்.

அதைக் கழற்றிக்கொண்டு போன அன்று இவர், என் மனிசன் சூசை, சாப்பிடவில்லை. "இவரின்ரை முதல் பெஞ்சாதி செத்துப்போனா, துக்கம் விசாரிச்சுப் போட்டுப் போங்கோ" என்று கோயில் வாசலில் நின்று எல்லாருக்கும் சொன்னேன். பாதர்கூடச் சிரித்தார். பிறகு வந்தது இந்தப் புதுப்பொம்பிளை. வெள்ளை, மெல்லிசு, சுவரில் தொங்கிக்கொண்டு. மூன்று மாசம்தான்.

வெள்ளிக்கிழமை அரைப் பாண் வருகிறான்.

அரைப் பாண் என் பேரன். நாள் வர முதலே பிறந்துவிட்டான். கண்ணாடிப் பெட்டிக்குள் முதல் தரம் பார்த்தபோது "அரை றாத்தல் பாண் மாதிரி இருக்கிறான்" என்றேன், பேக்கரியில் வாங்குகிற பாணோ பிள்ளை என்று எல்லாரும் ஏசினார்கள். இப்போது முழுப் பாணுக்குக் கிட்ட வந்துவிட்டான். ஆனாலும் உடம்புச் சூட்டைத் தானாகப் பிடித்து வைக்க இன்னும் நல்லாய்த் தெரியாது.

ஜெனியை நினைத்தால்தான் கவலை. என் ஒரே மகள். பிள்ளை பிறந்த நாளிலிருந்து கதை இல்லை. பால் கொடுக்கிறாள், திருப்பிக் கொடுக்கிறாள், சுவரைப் பார்க்கிறாள். எத்தனை பகிடி விட்டேன். ஒன்றுக்கும் வாய் அசையவில்லை. ஆஸ்பத்திரி வோட் நர்ஸ் வீட்டுக்கு எங்கே போவாய் என்று கேட்டதற்கு மட்டும் மறுமொழி சொன்னாள். "அம்மாட்டை."

ஜெனியும் மருமகனும் இருக்கிற பிளாட் சுவர் முழுக்கப் பூஞ்சணம், அங்கே விடமாட்டார்கள். எங்கள் வீட்டைப் பார்க்க வியாழன் ஒரு நர்ஸ் வருகிறாள். பிள்ளை படுக்கிற அறை பதினெட்டு டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. சுடுதண்ணீர் வேண்டும். இல்லாவிட்டால் இங்கே அனுப்பமாட்டார்கள்.

இப்போது அறையில் பதினொன்று.

மாதாவே, வியாழனுக்கு முதல்.

தை 6, செவ்வாய்

இன்னும் குளிர். பள்ளிக்கூடக் குசினியில் சட்டி கழுவும்போது மட்டும் கை சூடு. முதலாளியம்மா கேட்டாள், ஏன் இன்றைக்கு இவ்வளவு நேரம் கழுவுகிறாய் என்று. வீட்டுக்குப் போக மனமில்லை என்றேன். பகிடி என்று நினைத்தாள்.

பொய்லர் செய்த கொம்பனிக்கு இவர் போன். பாட்டுப் போட்டார்கள். பாட்டு முடிய இன்னொரு பாட்டு. கடைசியில் ஒரு பெடிச்சி வந்து, அடுத்த செவ்வாய்தான் ஆள் வருமாம்.

"சின்னப் பிள்ளை வருகுது எண்டு சொல்லுங்கோப்பா!"

"சொல்லிட்டன்."

"என்ன சொன்னவள்?"

"கொங்கிராஜுலேசன்ஸ் எண்டவள்."

புதுப் பொய்லர் பூட்டின குணம் அண்ணைக்குப் போன் அடித்தேன். பர்மிங்காம் பக்கம் வேலையாம், நாளைக்குத்தான் வர ஏலும். நல்ல மனிசன். ஜெர்மனியில் கனகாலம் இருந்துவிட்டு இங்கே வந்தவர், வாய் திறந்தால் ஜெர்மனி.

"கொளுக் கொளுக் எண்டு சத்தம் வருதோ அக்கா?"

"ஓம். கள்ளுக் குடிச்ச மாதிரி."

"பின்சுவராலை ஒரு வெள்ளைக் குழாய் இறங்குதெல்லோ? அது உறைஞ்சிருக்கும். சுடுதண்ணி ஊத்துங்கோ."

ஏன் பொய்லரிலிருந்து வெளியே குழாய்? கிழவிக்கு அப்படி ஒன்றும் இருக்கவில்லையே என்று கேட்டேன். பழசு சூட்டில் பாதியைப் புகையோடு வானத்துக்கு அனுப்பிவிடுமாம். புதுசு அந்தச் சூட்டையும் பிடித்து வைக்கிறதாம். அப்போது புகை குளிர்ந்து தண்ணியாய் விழும். அந்தத் தண்ணி வெளியே போகத்தான் குழாய்.

"புதுசெல்லாம் ஒண்டுக்குப் போகும் அக்கா. வழி விடாட்டி தனக்குள்ளையே போய்ப்போட்டு நிண்டிடும்."

நானும் இவரும் கேத்திலும் கையுமாக வெளியே. சுவரில் குழாய் தெரிகிற இடமெல்லாம் ஊற்றினோம். ஆவி பறந்தது. பக்கத்து வீட்டுக் கிழவன் யன்னலால் பார்த்தான். உள்ளே வந்து பொய்லரைத் தட்டினால் அதே கொளுக்.

கோயிலிலிருந்து கரண்ட் ஹீற்றர் இரண்டு இரவல். இரண்டையும் போட்டவுடன் டப். வீடு இருட்டு. ஒன்று மட்டும் போட்டால் அறை பதின்மூன்று.

இவர் இருட்டில் நின்று: "கிழவி எண்டால் கரண்ட் இல்லாட்டியும்..."

"கிழவி எண்டால் இண்டைக்கு எங்கள் ரெண்டு பேருக்கும் செத்தவீட்டுப் பூசை. வாயை மூடுங்கோ."

பிறகு கவலையாய்ப் போய்விட்டது. அந்த மனிசனும் பேரனை நினைத்துத்தானே புலம்புகிறது.

தை 7, புதன்

வெயில் இருந்தும் சூடு இல்லை. வேலைக்கு லீவு.

ஜெனியின் பிள்ளைப்பேற்றுப் பத்தியத்துக்கு மிளகு, மல்லிச் சரக்குத்தூள் வறுத்தேன், பின்குசினியில். பின்குசினி என்றால் வளவுக்குள் தகரம் போட்டு இவர் கட்டின கொட்டில். மீன் பொரிக்கிறது, கருவாடு, வறுவல் எல்லாம் அங்கேதான். வீட்டுக்குள் மணக்காது, வெள்ளைக்காரனும் கொம்பிளெயின் பண்ணமாட்டான். எங்கள் சனம் பாதிப் பேர் வீட்டில் இப்படி ஒன்று இருக்கும்.

மத்தியானம் குணம் அண்ணை வந்தார். குழாயைக் கையால் தடவிக்கொண்டே கொட்டிலுக்குள் வந்தார்.

"இது முடியிற இடம் எங்கை அக்கா?"

"அந்தப் பானைக்குப் பின்னாலை."

பானையை இழுத்தார். நான் பார்த்தேன்.

தண்ணி போகிற வாய்க்கால் வாய் முழுக்க ஒரு வெள்ளைப் பாளம். நத்தார்ப் பண்டிகைக்கு இறைச்சி றோல்ஸ் பொரித்த எண்ணெய், அந்த இறைச்சிக் கொழுப்பு, நாளாந்தம் வடிக்கிற கஞ்சி. எல்லாவற்றையும் நான்தான் ஊற்றினேன். சாமான் கழுவும் தொட்டிக்குள் விட்டால் வீட்டுக் குழாய் அடைக்கும் என்று, வலு கவனமாக, வெளியே ஊற்றினேன். குளிருக்கு எல்லாம் சேர்ந்து மெழுகாய் இறுகி, பொய்லர்க் குழாயின் வாய் அதற்குள் புதைந்து போய்க் கிடக்கிறது.

குணம் அண்ணை குந்தியிருந்து பார்த்தார். "ஜெர்மனியிலை இருவது வருசம் வேலை செய்தனான். றோல்ஸாலை நிண்ட பொய்லரை இப்பதான் காணுறன்."

இவர் வாயைத் திறந்தார். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். முதல் தரமாக இவருக்கு என்னை நக்கலடிக்க ஒரு சந்தர்ப்பம், பாவம், விட்டுவிட்டார். அதில்தான் எனக்கு அழுகை வந்தது. ஏசியிருந்தால் நானும் இரண்டு சொல்லியிருப்பேன்.

குணம் அண்ணை அலவாங்கால், அந்தக் கூர் இரும்புக் கம்பியால், இடித்தார். நான் புட்டுப் பானையில் தண்ணி கொதிக்கக் கொதிக்க ஊற்றினேன். கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. திடீரென்று குழாய் கடகடவென்று கக்கியது. உள்ளே போய்ப் பொய்லர்ப் பொத்தானை அழுத்தினால் ஊம் என்று ஒரு சத்தம். பிறகு நெருப்பு.

நெருப்பு!

றேடியேற்றர் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு ஓடினேன். பின்னேரம் அறையில் பத்தொன்பது. குளித்தேன். பிள்ளையின் சின்னத் துணியெல்லாம் தோய்த்து றேடியேற்றரில் போட்டேன். ஒரு கால்மேசு என் பெருவிரலுக்குத்தான் அளவு.

இவரும் குணம் அண்ணையும் குசினியில் தேத்தண்ணியோடு சண்டை. குணம் அண்ணை தொடங்கினார்:

"பழசிலை என்ன கிடக்குப் பழுதாக? ஒரு இரும்புச் சட்டி, கீழை நெருப்பு. இதுக்குள்ளை கொம்பியூட்டர், விசிறி, பம்ப். ஒண்டு கோவிச்சால் எல்லாம் ஸ்ட்ரைக். ஆனால் ஒழுங்காப் பாத்தால் பன்னிரண்டு, பதினைஞ்சு வருசம் ஓடும் அண்ணை."

"கிழவி முப்பது."

"கிழவி உங்களைக் கொல்லப் பாத்தவள்."

"கொல்லேல்லைத்தானே?"

"பழசைத்தான் இவருக்குப் பிடிக்கும் அண்ணை," என்றேன். "அதாலைதான் நான் இன்னும் இந்த வீட்டிலை இருக்கிறன்."

ஜெனிக்குப் போன்: வீடு சூடு, மகள். "ம்" என்றாள். அந்த "ம்" கொஞ்சம் நீளம். எனக்கு அது போதும்.

தை 8, வியாழன்

காலையில் பச்சைத் தண்ணீர்.

கையை அதற்குள் வைத்தபடி நின்றேன். கொளுக் சத்தமும் இல்லை. விசிறி சுற்றப் பார்க்கிறது, கரகரவென்கிறது, விட்டுவிடுகிறது.

போனில் குணம் அண்ணை: குழாய் அடைத்துக் கிடந்த நாளில் தண்ணி மேலே ஏறி விசிறியை நனைத்திருக்கிறது. நேற்று எரிந்தது அதன் கடைசி மூச்சு. புது விசிறி வேண்டும். தேடிப் பார்க்கிறேன், இன்றைக்கு என்று சொல்லமாட்டேன் என்றார்.

நர்ஸ் பதினொரு மணிக்கு. அறை பதினான்கு.

எனக்கு அப்போது என்ன பிடித்ததோ தெரியாது. காஸ் அடுப்பு நாலிலும் பானை. புட்டுப் பானை, இடியப்பப் பானை, சோத்துப் பானை, கோயில் திருநாளுக்குக் கஞ்சி காய்ச்சுகிற கிடாரம். கொதிக்கக் கொதிக்க இவரைக் கொண்டு மாடிக்குத் தூக்குவித்தேன். கதவைச் சாத்தி, அடியில் துவாய் வைத்து, நடுவில் அந்த ஒரு ஹீற்றர்.

"ஸ்டெல்லா, இது பிள்ளை படுக்கிற அறையோ, புட்டு அவிக்கிற அறையோ?"

"தூக்குங்கோப்பா."

பதினாறு. பதினேழு. பெல் அடிக்கும்போது பதினெட்டரை! பானைகளைப் பாத்றூமுக்குள் ஒளித்து வைத்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன்.

நர்ஸ் பெரிய கறுப்பு மனிசி, நல்ல சிரிப்பு. அறைக்குள் வந்தாள். தன் மீற்றரைப் பார்த்தாள், தலையாட்டினாள். எனக்கு உயிர் வந்தது. பிறகு சுவரில் உள்ளங்கையை வைத்தாள். எடுத்தாள். கை முழுக்கத் தண்ணி. சுவர் அழுதுகொண்டு நிற்கிறது. யன்னலில் ஆறு ஓடுகிறது. றேடியேற்றரைத் தொட்டாள், அது பச்சைத் தண்ணீர்.

என்னைப் பார்த்தாள். ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

எனக்கு விளங்கின அளவில் சொன்னது: அம்மா, இந்த ஈரம் அந்தச் சின்ன நெஞ்சுக்குக் குளிரைவிடக் கெடுதல். நீ செய்ததை நான் எழுதமாட்டேன். ஆனால் இந்த வீட்டுக்கு இப்போது அனுப்ப ஏலாது. வேறு சூடான வீடு இருந்தால் நாளைக்கே அங்கே அனுப்பலாம், இருக்கிறதா? இல்லாவிட்டால் வோட்டிலேயே இருக்கட்டும்.

வோட்டில் இன்னும் ஒரு கிழமை என்றால் ஜெனி என்ன ஆவாள்? நேற்று மருமகன் சொன்னவன், சாப்பாட்டுத் தட்டைத் தொடுகிறாளே இல்லை என்று.

வேறு வீடு என்றால் ஒன்றுதான். டூட்டிங். சம்பந்தி வீடு.

முதல் பிள்ளைப்பேறு பெண்ணைப் பெற்றவள்தான் பார்க்கிறது. தோய வார்க்கிறது, பத்தியம், முப்பத்தொன்றாம் நாள் சடங்கு, எல்லாம். நான் என் பிள்ளையைச் சம்பந்தி வீட்டில் விட்டேன் என்றால் கோயிலில் ஒவ்வொரு வாயும் ஒவ்வொரு கதை. அந்த வாய்களில் பெரிய வாய் என்னுடையதுதான். வேறொருத்திக்கு இது நடந்திருந்தால் நான் என்ன பகிடி விட்டிருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

பின்னேரம் நானே போன் எடுத்தேன்.

"றெஜினாக்கா, பிள்ளையையும் ஜெனியையும் உங்கடை வீட்டிலை வைச்சிருக்க ஏலுமோ?"

"இதென்ன கேள்வி? கொண்டு வாங்கோ. எங்கடை வீடு எப்பவும் கொதிக்கக் கொதிக்கத்தான்."

"நானும் வந்து நிக்கலாமோ?"

கதிரை ஒன்றை இழுக்கிற சத்தம். பிறகு, "பானை சட்டி கொண்டு வராதேங்கோ, இங்கை இருக்கு," என்றா.

தை 9, வெள்ளி

பனித்தூறல். பானை சட்டியோடுதான் போனேன். சரக்குத்தூள் மடியில். இவர் வீட்டில், விசிறியோடு வரவேண்டிய குணம் அண்ணைக்குக் காவல்.

சம்பந்தி வீட்டுக்குள் கால் வைக்க உடம்பெல்லாம் சூடு. ஆ என்று இருந்தது. குசினிக்குப் போனேன்.

மூலையில் கிழவி நிற்கிறாள்.

அச்சு அதேதான். அதே நிறம், அதே இரும்புக் கதவு, உள்ளே அதே குட்டிச் சுடர்.

"அக்கா, இது எத்தினை வருசம்?"

"நாங்கள் வரேக்கையே இருந்தது. ஒரு நாளும் நிண்டதில்லை." பெருமை.

"ஆரும் வந்து பாக்கிறவையோ?"

"நிக்காததை ஏன் திறந்து பாப்பான்?"

எங்கள் கிழவியில் ஒட்டின சிவப்புத் துண்டு நினைவுக்கு வந்தது. பின்னேரம் பிள்ளை வந்துவிடும். ஒன்று எரியமாட்டேன் என்கிறது, மற்றது அணையமாட்டேன் என்கிறது. எந்த வீட்டுக்கு அந்தக் குஞ்சைக் கொண்டுபோக?

ஒன்றும் சொல்லாமல் வெளியே போய்க் கடையில் ஒரு அலாரம் வாங்கி வந்தேன், நச்சுப் புகையைக் கண்டுபிடிக்கிறது. மேசையில் வைத்தேன்.

"இதென்ன ஸ்டெல்லா?"

"புகை வந்தால் கத்தும் அக்கா."

சம்பந்தியின் முகம் இறுகிவிட்டது. "குளிர் வீட்டிலை இருந்து வந்து எங்கடை வீட்டை நஞ்சு எண்டு சொல்லுறியள். உங்கடையிலை சூடு இல்லாட்டி எங்கடையிலை நஞ்சோ?"

மற்ற நாளென்றால் என்னிடம் பத்து மறுமொழி இருக்கும். அவவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "அக்கா, என்னைப் பிறகு பேசுங்கோ. எவ்வளவும் பேசுங்கோ. இப்ப குணம் அண்ணை வந்து ஒருக்காப் பாக்கட்டும்."

அதுவரை அலாரம் கத்தவில்லை. பச்சை லைற் மட்டும். கத்தவில்லையே என்று சந்தோசப்படவும் பயம், அது சரியாக வேலை செய்கிறதோ என்று.

குணம் அண்ணை வந்தார். பொய்லர்க் கதவைக் கழற்றி மீற்றரைப் பிடித்தார். ஜெர்மனிக் கதை ஒன்றும் இல்லை. அந்த மனிசன் ஜெர்மனி பற்றிச் சொல்லாமல் வேலை செய்தால் அது பாரதூரம். உடனே அணைத்தார். யன்னலெல்லாம் திறக்கச் சொன்னார். புகைக்குழாய்க்குள் கையை விட்டார். காகமோ புறாவோ, கூடு. சுள்ளி சுள்ளியாக வந்தது. மிச்சம் கரி.

"முழுக்க அடைக்கேல்லை அக்கா. அதுதான் நீங்கள் எல்லாம் உயிரோடை இருக்கிறியள்."

சம்பந்தி கதிரையில் இருந்துவிட்டா. "எங்கடை மனிசனுக்கு ஒவ்வொரு நாளும் விடியத் தலையிடி. பிறஷர் எண்டு குளிசை குடுத்தனான். நான்தான் குடுத்தனான்."

தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன், அவவின் குசினியில், அவவின் கோப்பையில். இரண்டு பேரும் கோட்டுப் போட்டுக்கொண்டு திறந்த யன்னலுக்குக் கீழே இருந்தோம். என் றோல்ஸ் எண்ணெய்க் கதையைச் சொன்னேன். கோயிலுக்குச் சொல்லாதேங்கோ என்றேன். அழுதுகொண்டே சிரித்தா.

குணம் அண்ணை துப்புரவாக்கி, மூட்டி, திரும்பத் திரும்ப மீற்றர் பிடித்தார். இப்போது புகை ஒழுங்காக மேலே போகிறது. இந்தக் குளிர் போகும்வரை தாங்கும், பங்குனியில் மாற்றவேணும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு போனார்.

நாலு மணிக்கு ஜெனியும் பிள்ளையும். வீடு திரும்பவும் சூடு. அலாரத்தைத் தொட்டிலுக்குக் கிட்ட வைத்தேன்.

ஜெனி என்னைக் கண்டு, "வீடு பழுதே?" என்றாள்.

"பொய்லர்தான் மகள். வீடு இருக்கு."

கட்டிலில் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பினாள். எங்கே கூட்டிக்கொண்டு வருவேன் என்று சொன்னேன், எங்கே கொண்டு வந்து விட்டிருக்கிறேன்.

தை 10, சனி

மழை, பனி கரைகிறது. ஜெனிக்குத் தோய வார்த்தேன், வேப்பிலை போட்டு. முதுகு எலும்பு எண்ணலாம். மீன் சரக்குக்கறி. மூன்று வாய்தான் சாப்பிட்டாள்.

சம்பந்தி: "உப்புக் காணாது."

"பத்தியத்துக்கு அவ்வளவுதான் அக்கா."

"எங்கடை ஊரிலை பத்தியத்துக்கும் உப்புப் போடுறவை."

"அதுதான் உங்கடை மனிசனுக்குப் பிறஷர்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தேன். ஆனால் அவ சிரித்தா.

ஜெனி சிரிக்கவில்லை. பொய்லர் மூளுகிற ஒவ்வொரு தரமும் நான் எழும்பிப் போய் அலாரத்தைப் பார்க்கிறேன். பச்சை லைற். திரும்பி வருகிறேன். திரும்பவும் போகிறேன். பிள்ளையின் மூச்சையும் அப்படித்தான். சம்பந்தி சொன்னா, இருங்கோ ஸ்டெல்லா, உங்களைப் பாக்க எனக்குத் தலை சுத்துது என்று. தலை சுற்றுகிறது என்றதும் யன்னலைத் திறந்தேன்.

இவர் போன். விசிறி இன்னும் இல்லை. தனியப் பாணும் சம்பலும் சாப்பிடுகிறாராம்.

தை 11, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. வெயில்.

மத்தியானம் ஜெனி பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டு இருந்தாள். பால் கொடுத்து முடிந்தும் திருப்பித் தரவில்லை. நான் கையை நீட்டவும் இல்லை. பக்கத்தில் சும்மா இருந்தேன், வாயை மூடிக்கொண்டு. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

போன் அடித்தது. இவர். குரலே குதிக்கிறது. குணம் அண்ணை எங்கேயோ போய் விசிறி எடுத்துவந்து பூட்டிவிட்டாராம். காலையிலிருந்து எரிகிறதாம். அறை இருபது. சுவர் காய்ந்துவிட்டது. நர்ஸுக்கும் சொல்லிவிட்டாராம், நாளைக்கே வந்து பார்ப்பாளாம்.

போனைக் காதிலிருந்து எடுத்து ஜெனிக்குச் சொன்னேன்.

என்னைப் பார்த்தாள். சுவரை இல்லை, என்னை.

"அது எவ்வளவு நாளைக்கு எரியும் அம்மா?"

பதினைந்து வருசம் என்று சொல்ல வாய் எடுத்தேன். குணம் அண்ணை சொன்னது அதுதானே.

"தெரியாது மகள்," என்றேன்.

"இது?" குசினிப் பக்கம் தலையாட்டினாள்.

"அதுவும் தெரியாது."

பிள்ளையின் தலையைக் கையால் மூடிப் பிடித்தாள்.

"நீங்கள் இங்கை நிப்பியள்தானே?"

"ஓம்."

"அப்ப இங்கை இருப்பம்."

கதவடியில் சம்பந்தி. உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை.

போன் இன்னும் என் கையில். அதற்குள் இவர் கத்திக்கொண்டிருக்கிறார்: "ஹலோ? ஸ்டெல்லா? கேக்குதோ? எல்லா றேடியேற்றரும் கொதிக்குது, நான் சேட்டும் போடாமல் நிக்கிறன். நர்ஸ் வந்திட்டுப் போக, எத்தினை மணிக்கு வாறியள்?"